எடை போட்டு வாங்கிய பட்டு: மாணவர் விவரங்களும் நம் பொறுப்பும்

(காஞ்சிபுரத்தில் தொடக்க, நடுநிலை, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெயர் திருடப்படுவது என்றால் என்ன என்று இந்த ஊருக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கோ விசைத்தறியில் ஓட்டிய சேலையில் 'காஞ்சிபுரம் பட்டு' என்று ஒரு சீட்டை ஒட்டி விற்றுவிட்டால், இங்கே குழித்தறியில் உட்கார்ந்து நாள்கணக்கில் நெய்தவரின் கூலிதான் அடிபடுகிறது. அதனால்தான் 2005-06இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு பெறப்பட்டது. இந்தப் பெயர் இந்த மண்ணின் நெசவாளருக்குச் சொந்தம். மற்றவர் எடுத்து ஒட்டிக்கொள்ள முடியாது என்பது அதன் பொருள்.

ஒரு சேலையின் பெயருக்கு இவ்வளவு காவல் என்றால், நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் பெயருக்கு என்ன காவல்? அந்தக் குழந்தையின் பிறந்த தேதி, ஆதார் எண், அப்பாவின் கைப்பேசி எண், அம்மாவின் வங்கிக் கணக்கு, சாதிச் சான்று, புகைப்படம் இவையெல்லாம் யாரிடம் இருக்கின்றன? வங்கியில் கொஞ்சம், ரேஷன் கடையில் கொஞ்சம், மருத்துவமனையில் கொஞ்சம். ஆனால் எல்லாமும் ஒரே இடத்தில், ஒரே பீரோவில், ஒரே கைப்பேசியில் இருப்பது நம்மிடம்தான். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

சைபர் பாதுகாப்பு என்றதும், முகமூடி போட்ட ஒருவன் இருட்டு அறையில் கணினி முன் உட்கார்ந்திருக்கும் படம்தான் நம் மனத்தில் வருகிறது. என் அனுபவத்தில், பள்ளியிலிருந்து விவரம் வெளியே போவதற்கு அப்படி ஒருவன் தேவைப்படுவதே இல்லை. நல்ல எண்ணத்தோடு, அவசரத்தில், வழக்கமாக நாம் செய்யும் வேலைகளின் வழியாகவே அது போய்விடுகிறது.

நான்கு உண்மைகளும் ஒரு பொய்யும்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா பள்ளிக்கு வந்தார். வீட்டில் தறி இருக்கிறது. கணவனும் மனைவியும் சேர்ந்து நெய்கிறவர்கள். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், கல்வித்துறையிலேர்ந்து பேசறோம்னு போன் வந்துச்சு. பாப்பாவுக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, ஒரு படம் அனுப்பறோம், ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்கன்னு சொன்னாங்க. போட்டதும் அக்கவுண்ட்ல இருந்த காசு போயிடுச்சு சார்."

போனது ஒரு சேலை நெய்த கூலி. நான் கேட்டேன், "யாருன்னு தெரியாத ஆளு சொன்னதை எப்படிம்மா நம்புனீங்க?" அவர் சொன்ன பதிலை இன்றுவரை நான் மறக்கவில்லை. "பாப்பா பேரு, அவங்க அப்பா பேரு, எந்த ஸ்கூலு, எந்த வகுப்பு எல்லாம் கரெக்டா சொன்னாங்களே சார்! ஸ்கூல்ல சொல்லாம அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

மோசடிக்காரர் சொன்ன ஐந்து செய்திகளில் நான்கு உண்மை. அந்த நான்கு உண்மைகள்தான் ஐந்தாவது பொய்யை நம்ப வைத்தன. பணம் பெறுவதற்குப் பின் நம்பர் போடத் தேவையில்லை, பின் நம்பர் போட்டால் நம் பணம்தான் வெளியே போகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தால் தப்பித்திருப்பார். அது ஒரு பக்கம். ஆனால் அந்த நான்கு உண்மைகள் கிடைக்காமல் இருந்திருந்தால், அந்தப் போன் பேச்சு முதல் நிமிடத்திலேயே முடிந்திருக்கும்.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு விவரமும் சாதாரணமானது. பெயர் தெரிந்தால் என்ன? பள்ளி தெரிந்தால் என்ன? ஒற்றை இழைப் பட்டுநூலை யாரும் சேலை என்று சொல்வதில்லை. பாவும் ஊடையும் சேர்ந்தால்தான் சேலை. பெயரோடு பள்ளியும், பள்ளியோடு அப்பாவின் எண்ணும், எண்ணோடு உதவித்தொகைச் செய்தியும் சேரும்போது ஒரு குடும்பத்தை ஏமாற்றப் போதுமான கருவி ஆகிவிடுகிறது.

அந்த அம்மா போன பிறகு, அந்த நான்கு விவரங்களும் எங்கெங்கே இருந்தன என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். சேர்க்கை விண்ணப்பம். எமிஸ் பதிவு. வகுப்பு வாட்ஸ்அப் குழு. உதவித்தொகைக்கு நகல் எடுத்த ஜெராக்ஸ் கடை. 'இலவசத் திறனறித் தேர்வு' என்று சொல்லி ஒரு பயிற்சி மையம் நிரப்பச் சொன்ன படிவம். ஓவியப் போட்டிக்கு அனுப்பிய பட்டியல். பத்து வரி எழுதிய பிறகும் பட்டியல் முடியவில்லை. உங்கள் பள்ளிக்கும் அப்படி ஒரு பட்டியலை எழுதிப் பாருங்கள்.

பூட்டை யாரும் உடைக்கவில்லை

இது ஒரு பள்ளியோடு நிற்கும் சிக்கல் இல்லை. நம் பாடநூல்களில் இருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் திறக்கும் தீக்ஷா தளம் நம் எல்லோருக்கும் பழக்கம். 2017இல் மத்திய அரசு தொடங்கிய தளம். கொரோனா காலத்தில் நாடு முழுவதும் அதில்தான் பாடம் நடந்தது, ஆசிரியர் பயிற்சியும் நடந்தது. 2023 ஜனவரியில் வயர்ட் என்ற இதழ் ஒரு செய்தி வெளியிட்டது. தீக்ஷாவின் கோப்புகள் சில, பாதுகாப்பு இல்லாத ஓர் இணையச் சேமிப்பகத்தில் ஓராண்டுக்கும் மேலாகத் திறந்தே கிடந்திருக்கின்றன. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல் முகவரி அதில் இருந்தன. ஏறத்தாழ 6 லட்சம் மாணவர்களின் விவரங்களும் இருந்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பூட்டை யாரும் உடைக்கவில்லை. பூட்டே போடப்படவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2022 மே மாதம், ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 49 நாடுகளில் கொரோனா காலத்தில் பயன்பட்ட கல்விச் செயலிகளையும் இணையதளங்களையும் ஆராய்ந்து ஓர் அறிக்கை தந்தது. ஏறத்தாழ பத்தில் ஒன்பது, குழந்தைகளின் உரிமையை மீறும் விதத்திலோ ஆபத்துக்குள்ளாக்கும் விதத்திலோ அவர்களின் விவரங்களைக் கையாண்டன என்றது அந்த அறிக்கை. பாடம் கேட்க வந்த குழந்தையின் இருப்பிடம், கைப்பேசி அடையாளம் போன்றவை விளம்பர நிறுவனங்களுக்குப் போயிருந்தன. 'இலவசம்' என்ற சொல்லைப் பார்த்தால் நாம் கேட்க வேண்டிய கேள்வி, இதற்கு என் மாணவன் எதைக் கொடுக்கிறான் என்பதே.

சங்கத்துத் தராசு

நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் பாவும் ஊடைப்பட்டும் ஜரிகையும் எப்படிக் கொடுப்பார்கள் என்று உங்களில் பலருக்குத் தெரியும். எடை போட்டுக் கொடுப்பார்கள், எழுதி வைப்பார்கள். நெய்து முடித்துச் சேலையைக் கொண்டு வந்தால் திரும்பவும் தராசில் வைப்பார்கள். கொடுத்த நூலுக்கும் ஜரிகைக்கும் கணக்கு வர வேண்டும். வீட்டில் பட்டு இருக்கிறதே என்று நெசவாளர் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டார். அவர் வீட்டில் இருந்தாலும் அது அவருடைய பொருள் இல்லை. ஒப்படைக்கப்பட்ட பொருள்.

மாணவர் விவரமும் அப்படித்தான். அது பள்ளியின் சொத்து இல்லை, ஒரு குடும்பம் நம்மை நம்பி ஒப்படைத்த பொருள். நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். இதை ஏற்றுக்கொண்டால் மற்ற விதிகள் எல்லாம் தானாக வந்துவிடும். மூன்று கேள்விகள் போதும்.

ஒன்று, எவ்வளவு தேவை? ஓவியப் போட்டிக்குப் பெயரும் வகுப்பும் போதும். ஆதார் எண் எதற்கு?

இரண்டு, எதற்காக வாங்கினோம்? உதவித்தொகைக்காக வாங்கிய வங்கி விவரம் உதவித்தொகைக்கு மட்டும்தான். சேர்க்கைக்காக வாங்கிய கைப்பேசி எண்ணை, தெரிந்தவர் நடத்தும் பயிற்சி மையத்துக்குக் கொடுக்கக் கூடாது.

மூன்று, எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்? வேலை முடிந்தது என்றால் கைப்பேசியில் இருக்கும் படத்தை அழிக்க வேண்டும். மேசை இழுப்பறையில் மிஞ்சிய நகலைக் கிழித்துப் போட வேண்டும். வடை மடிக்கும் காகிதமாக அது போய்விடக் கூடாது.

பள்ளியில் விவரம் கசியும் இடங்கள்

முதல் இடம், வகுப்பு வாட்ஸ்அப் குழு. 40 பெற்றோர் உள்ள குழுவில் ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற 39 பேருக்குத் தெரியும். அந்தக் கைப்பேசிகள் அண்ணன் கையில், மாமா கையில், பழுது பார்க்கும் கடையில் எல்லாம் இருக்கும். அங்கே ஆதார் எண்ணோடு ஒரு பட்டியலைப் போட்டு 'சரிபார்த்துச் சொல்லவும்' என்று எழுதினால் என்ன ஆகும்? சரிபார்க்க வேண்டியது ஒருவர் தன் பிள்ளையின் ஒரு வரியை மட்டும். பார்ப்பது எல்லாரும் எல்லாவற்றையும். மதிப்பெண் பட்டியலும் அப்படித்தான். வீட்டுப்பாடம், விடுமுறை, கூட்ட அறிவிப்பு இவற்றைக் குழுவில் போடுங்கள். ஒரு குழந்தையைப் பற்றிய செய்தியை அந்தப் பெற்றோருக்கு மட்டும் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் 'கம்யூனிட்டி' என்ற வசதியின் அறிவிப்புக் குழுவில் உறுப்பினர்களின் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. அதைப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது இடம், சாதி. இதைத் தயங்காமல் பேச வேண்டும். ஆதிதிராவிடர் உதவித்தொகை, பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகை என்று தலைப்பிட்டுப் பெயர்ப்பட்டியலைக் குழுவில் போடுவதும், வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லிப் படிப்பதும் ஒரு குழந்தையின் சாதியை ஊருக்கு அறிவிப்பதாகும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவர் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டதை நாம் மறந்துவிட முடியாது. வெட்டியவர்கள் சக மாணவர்கள். அதன் பிறகு அரசு அமைத்த, நீதியரசர் கே. சந்துரு அவர்களின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய எந்தக் குறிப்பும் இருக்கக் கூடாது, உதவித்தொகைச் செய்தியைத் தலைமையாசிரியர் அந்த மாணவரைத் தம் அறைக்கு அழைத்துத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று அந்த அறிக்கை பரிந்துரைத்தது. தனியுரிமை என்பது பணம் காப்பாற்றும் சங்கதி மட்டும் இல்லை. சில குழந்தைகளுக்கு அது மானத்தையும் உயிரையும் காப்பாற்றும் சங்கதி.

மூன்றாவது இடம், ஜெராக்ஸ் கடையும் பிரவுசிங் சென்டரும். பள்ளியில் இணையம் வேலை செய்யவில்லை, இன்று கடைசி நாள் என்றால் நாம் ஓடுவது அங்கேதான். அவர்கள் நல்லவர்கள், உதவுகிறவர்கள். ஆனால் வாட்ஸ்அப்பில் அனுப்பி அச்சிட்ட கோப்பு அந்தக் கணினியிலேயே தங்கிவிடும். அச்சு முடிந்ததும் கோப்பை அழிக்கச் சொல்லி, குப்பைத்தொட்டியையும் காலி செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டு வாருங்கள். வாட்ஸ்அப் வெப்பைத் திறந்திருந்தால் மூடிவிட்டு வாருங்கள். எமிஸ் கடவுச்சொல்லைக் கடைக்காரரிடம் சொல்லிப் பதிவேற்றச் சொல்லாதீர்கள். அது ஒரு பள்ளியின் எல்லாக் குழந்தைகளின் சாவி. ஆதார் நகல் தர வேண்டிய இடத்தில், ஏற்றுக்கொள்வார்கள் என்றால், முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்ட 'மாஸ்க்டு ஆதார்' தரச் சொல்லிப் பெற்றோருக்குச் சொல்லுங்கள். ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே அதைப் பதிவிறக்கிக்கொள்ளலாம்.

நான்காவது இடம், புகைப்படம். ஆண்டுவிழாவில் ஆடிய குழந்தையின் படத்தை மகிழ்ச்சியோடு முகநூலில் போடுகிறோம். சீருடையில் பள்ளிச் சின்னம், கீழே பெயர், வகுப்பு, ஊர். ஒரு முகத்தை வெட்டி வேறோர் உடலில் ஒட்ட இன்று கைப்பேசியே போதும். விழாப் படங்களைப் போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெற்றோரைக் கேட்டுப் போடுங்கள். தனி முகத்தைவிடக் கூட்டமான படத்தைப் போடுங்கள். முகத்தையும் முழுப்பெயரையும் ஒன்றாகப் போடாதீர்கள்.

இதில் சட்டமே கோடு போட்டிருக்கும் இடமும் உண்டு. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 74ஆவது பிரிவின்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை, குற்றத்துக்கு ஆளான குழந்தை, சாட்சியான குழந்தை ஆகியோரின் பெயர், முகவரி, பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவும் இப்படியே தடுக்கிறது. தறிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பிள்ளையை மீட்டுப் பள்ளியில் சேர்க்கிறோம். நல்ல செயல். ஆனால் 'மீட்கப்பட்ட சிறுவன்' என்று அவன் முகத்தோடு ஒரு படம் போட்டால், வளர்ந்து வேலைக்குப் போகும் நாளிலும் அந்தப் படம் இணையத்தில் அவனைத் தேடி வரும்.

உத்திரமேரூர் சொல்லும் பாடம்

இங்கே ஒரு நண்பர் கேட்கலாம்: "எல்லாவற்றையும் வெளிப்படையாகச் செய்யச் சொல்கிறோம், தகவல் உரிமைச் சட்டம் வேறு இருக்கிறது. இப்போது மறைக்கச் சொல்கிறீர்களே?"

நம் மாவட்டத்து உத்திரமேரூருக்குப் போனால் இதற்கு விடை இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகளை நாம் சமூக அறிவியல் வகுப்பில் நடத்துகிறோம். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இடுவார்கள். உள்ளே இருப்பது அறியாத ஒரு சிறுவன் எடுப்பான். அந்த ஓலையை வாங்குபவர் ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கையில் வாங்கி, எல்லாரும் கேட்கப் படிப்பார். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி போட்டிக்கு வர முடியாது. வெளிப்படை என்பது யாருக்கு? பொதுப் பணத்தையும் பொது அதிகாரத்தையும் கையாளப் போகிறவருக்கு. பள்ளியின் வரவு செலவைச் சுவரில் ஒட்டலாம், ஒட்டவும் வேண்டும். ஆறாம் வகுப்புக் குழந்தையின் வங்கிக் கணக்கை ஒட்டக் கூடாது. அதிகாரம் வெளிச்சத்தில் இருக்க வேண்டும், குழந்தை நிழலில் இருக்க வேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்டுவிடக் கூடாது.

சட்டம் எங்கே நிற்கிறது

கர்நாடக உயர் நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, முதுமையில், 2012இல் ஆதார் தொடர்பாக உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அந்த வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். தனியுரிமை இந்திய அரசமைப்புச் சட்டம் தரும் அடிப்படை உரிமை என்றது தீர்ப்பு. 2018 செப்டம்பர் 26 அன்று வந்த ஆதார் தீர்ப்பு, பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்றும், ஆதார் இல்லை என்ற காரணத்தால் எந்தக் குழந்தைக்கும் எந்தப் பயனையும் மறுக்கக் கூடாது என்றும் சொன்னது. "ஆதார் எடுத்துட்டு வந்தாதான் அட்மிஷன்" என்று நம் அலுவலக வாசலில் யாராவது சொன்னால், அவரிடம் இந்தத் தீர்ப்பை எடுத்துச் சொல்வது நம் கடமை.

2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அதற்கான விதிகள் அறிவிக்கப்பட்டு, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. 18 வயது நிறையாதவர் அனைவரும் இந்தச் சட்டத்தில் குழந்தைகள். அவர்களின் விவரத்தைப் பயன்படுத்தப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதற்கும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதற்கும் தடை உண்டு. குழந்தைகள் தொடர்பான கடமைகளை மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி உண்டு. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் படிக்கும் வாய்ப்பையும் தர வேண்டும். கல்விப் பணிக்காகவும் மாணவர் பாதுகாப்புக்காகவும் கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் இருக்கின்றன. அந்த விலக்கு பாடம் நடத்தவும் பிள்ளையைப் பாதுகாக்கவும் கொடுத்தது. விவரத்தை வெளியே கொடுக்க அல்ல.

வகுப்பறையில் என்ன சொல்லித் தருவது

தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குப் பெரிய விளக்கம் வேண்டாம். 'சொல்லலாம், சொல்லக்கூடாது' என்று ஒரு விளையாட்டுப் போதும். பிடித்த நிறம்? சொல்லலாம். வீட்டு முகவரி? தெரியாதவரிடம் சொல்லக் கூடாது. அம்மா போனுக்கு வந்த ஓடிபி? யாரிடமும் சொல்லக் கூடாது. பல வீடுகளில் தறியில் இருக்கும் பெற்றோருக்குப் பதில் போனை எடுப்பதும், வந்த குறுஞ்செய்தியைப் படித்துச் சொல்வதும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைதான். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தால் அந்த வீட்டுக்கே தெரிந்த மாதிரி.

உயர்நிலை, மேல்நிலை மாணவர்களிடம் நேராகப் பேசலாம். அடுத்தவரின் கடவுச்சொல்லையோ மின்னணுக் கையொப்பத்தையோ திருடிப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். தோழியின் பெயரில் விளையாட்டாகப் போலிக் கணக்குத் தொடங்கும் மாணவனுக்கு, அது விளையாட்டு இல்லை, வழக்காகும் செயல் என்பது தெரிய வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. படத்தைத் திரித்து மிரட்டுகிறார்கள் என்று ஒரு மாணவி நம்மிடம் வந்து நின்றால், நம் வாயிலிருந்து வரும் முதல் சொல் எதுவாக இருக்க வேண்டும்? 'நீ ஏன் போட்டோ அனுப்பின?' என்பதாக இருந்தால் அவள் அதற்குமேல் யாரிடமும் பேச மாட்டாள். மிரட்டுகிறவனுக்கு வேண்டியதும் அந்த மௌனம்தான். 'சொன்னது நல்லதும்மா. உன் மேல தப்பு இல்ல. நான் பாத்துக்கறேன்.' இந்த மூன்று வாக்கியங்களை நாம் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வோம். அதன் பிறகு செய்ய வேண்டியவை இவை: மிரட்டல் செய்திகளை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். அந்தப் படத்தை வேறு யாருக்கும், நமக்கும்கூட, அனுப்ப வேண்டாம். 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கும், 1930 சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் அழையுங்கள். 18 வயதுக்குள் எடுத்த படங்களைச் சமூக ஊடகங்களிலிருந்து நீக்க உதவும் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையும் இருக்கிறது. படத்தை நாம் எங்கும் அனுப்ப வேண்டியதில்லை. அந்தப் படத்தின் எண்வடிவக் கைரேகை மட்டும் உருவாகி, அதை வைத்து நிறுவனங்கள் படத்தைக் கண்டுபிடித்து நீக்குகின்றன.

பணம் போனாலும் 1930தான். இதில் வேகம் முக்கியம். நான் சொன்ன அந்த அம்மா மூன்று நாள் வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குள் பணம் பல கணக்குகள் மாறிவிட்டது. உடனே அழைத்தால், போகும் வழியிலேயே பணத்தை முடக்க வாய்ப்பு இருக்கிறது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கரும்பலகையில் 1930 என்று பெரிதாக எழுதி வையுங்கள். கூடவே இன்னொரு வரி: 'உதவித்தொகைக்காகப் பள்ளி உங்களிடம் ஓடிபி கேட்காது, பின் நம்பர் கேட்காது, ஸ்கேன் செய்யச் சொல்லாது. சந்தேகம் வந்தால் போனை வைத்துவிட்டு, பள்ளிக்கு வந்து கேளுங்கள்.'

நம்மையும் பார்த்துக்கொள்வோம்

ஆசிரியரின் அடையாளமும் திருடப்படும் பொருள்தான். நம் ஆதார் நகல் எத்தனை அலுவலகங்களில் கிடக்கிறது! சஞ்சார் சாத்தி என்ற மத்திய அரசுத் தளத்தில், நம் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் இருக்கின்றன என்று பார்க்கலாம். நாம் வாங்காத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். ஆதாரின் கைரேகைப் பதிவைப் பூட்டி வைக்கும் வசதியும் ஆதார் செயலியில் உண்டு. வாட்ஸ்அப்பில் இருபடிச் சரிபார்ப்பை இன்றே போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வாட்ஸ்அப் அடுத்தவர் கைக்குப் போனால், 40 பெற்றோர் உள்ள குழுவும் சேர்ந்து போகும்.

உங்கள் சிரமமும் எனக்குத் தெரியும். மாலை நான்கு மணிக்கு 'உடனே அனுப்பவும்' என்று ஒரு செய்தி வரும். எக்செல் பட்டியலில் பதினேழு கட்டங்கள் இருக்கும். எதற்கு என்று கேட்டால் கேட்டவர் மேல் கோபம் வரும். ஆனாலும் பணிவாகக் கேட்கலாம்: 'ஐயா, இந்த விவரம் எமிஸில் ஏற்கெனவே இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் போடாமல் அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்பலாமா? ஆதார் எண்ணில் கடைசி நான்கு இலக்கம் போதுமா?' ஒருவர் கேட்டால் அது பிடிவாதமாகத் தெரியும். ஒரு ஒன்றியத்தில் பத்துப் பள்ளிகள் கேட்டால் அது நடைமுறை ஆகிவிடும். விவரம் கேட்கும் இடத்தில் இருக்கும் அலுவலர்களையும் நான் வேண்டிக்கொள்கிறேன்: கேட்பதற்கு முன் நீங்களும் அந்த மூன்று கேள்விகளை உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் மூன்று வேலைகள் செய்யுங்கள். உங்கள் கைப்பேசியின் படத்தொகுப்பைத் திறந்து, வேலை முடிந்த ஆதார், வங்கிப் புத்தகப் படங்களை அழியுங்கள். படம் தானாகச் சேமிக்கப்படும் இணையக் கணக்கிலிருந்தும் அழியுங்கள். வகுப்புக் குழுவில் பழைய பட்டியல் ஏதேனும் இருந்தால், குழு நிர்வாகி என்ற முறையில் அழிக்க முடிந்ததை அழியுங்கள். எமிஸ் கடவுச்சொல்லை மாற்றி, அதை எழுதி மேசையில் ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழியுங்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகாது.

சேர்க்கை நாளில் பெற்றோர் விண்ணப்பத்தின் கீழே கையெழுத்துப் போடுகிறார்கள். சிலர் கைநாட்டு வைக்கிறார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று பெரும்பாலும் படிப்பதில்லை. படிவத்தை நம்பி அல்ல, நம்மை நம்பித்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் கணக்குக் காட்ட வேண்டும்.